பந்தயத் தடத்தில் டீசல்: இண்டியானாபோலிஸ் முதல் லெ மான் வரை

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை பிஸ்டன் கடுமையாக அழுத்துகிறது. அடிக்க அடிக்க சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதுபோல அழுத்தப்பட்ட காற்றும் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. ரூடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கும், நூறாண்டு கழித்துப் பந்தயத் தடத்தில் ஓடிய இன்ஜின்களுக்கும் அடிப்படை இது ஒன்றே. அழுத்தம் கூடுதல் என்பதால் ஒரே அளவு எரிபொருளிலிருந்து பெட்ரோல் இன்ஜினைவிடக் கூடுதல் வேலையை டீசல் இன்ஜின் வாங்கிவிடுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக சிலிண்டர் பிளாக், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் எல்லாமே கனமாக அமைய வேண்டியிருக்கிறது. பீய்ச்சப்பட்ட எரிபொருள் காற்றோடு கலந்து எரிந்து முடிய நேரமும் பிடிக்கும். அதனால் பந்தய பெட்ரோல் இன்ஜின்போல நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அதை விரட்ட முடியாது. காற்றைக் கூட்டாமல் எரிபொருளை மட்டும் கூட்டினால் திறன் கூடாது, கரும்புகைதான் கூடும்.

எடை, மெதுவான சுழற்சி, புகை ஆகிய இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பந்தயத்தில் இறங்கியவர்கள் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றார்கள்: சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றைத் திணிக்க முடியும்? பந்தய விதிகளை எழுதியவர்கள் கையில் எடுத்த ஆயுதமும் காற்றுதான். எத்தனை லிட்டர் கொள்ளளவு, எவ்வளவு டர்போ அழுத்தம், காற்று நுழையும் துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அவர்கள் வகுத்த எண்களுக்குள்தான் டீசலின் வெற்றியும் தோல்வியும் நடந்தன.

முதல் முயற்சி அமெரிக்காவில். இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் 1919இல் தொடங்கப்பட்ட கம்மின்ஸ் நிறுவனம் படகுகளுக்கும் நிலையான இயந்திரங்களுக்கும் டீசல் இன்ஜின் செய்துவந்தது. நிறுவனர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் பட்டறையில் கற்றுத் தேர்ந்தவர். பணம் போட்டவர் உள்ளூர் வங்கியாளர் டபிள்யூ. ஜி. இர்வின். 1929இன் பங்குச்சந்தைச் சரிவு வந்தபோது நிறுவனம் மூழ்கும் நிலையை எட்டியது. டீசல் என்றால் கப்பலுக்கும் ஆலைக்கும் மட்டும் என்றிருந்த எண்ணத்தை உடைத்தால் லாரிச் சந்தை திறக்கும் என்று கிளெஸ்ஸி கணக்குப் போட்டார். தம்முடைய படகு இன்ஜின் ஒன்றை பேக்கார்ட் காரில் பொருத்தி, 1930 ஜனவரியில் இண்டியானாபோலிஸிலிருந்து நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்குத் தாமே ஓட்டிச் சென்றார். சுமார் 1,275 கி.மீ. பயணத்துக்கு எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். பத்திரிகைகளுக்கு அதுவே செய்தியாகிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே வகை நான்கு சிலிண்டர் இன்ஜின் டூசன்பர்க் காரின் அடிச்சட்டத்தில் ஏறியது. 5.9 லிட்டர் கொள்ளளவு. திறனோ வெறும் 85 குதிரைத்திறன். 1931 பிப்ரவரியில் டேடோனா கடற்கரையில் மணிக்கு 162 கி.மீ. தொட்ட அந்தக் காரை கம்மின்ஸ் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். குறைந்தபட்சம் மணிக்கு 80 மைல் வேகத்தைக் காட்டினால் சிறப்பு அனுமதி என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். டேவ் எவன்ஸ் ஓட்டிய கார் தகுதிச் சுற்றில் கிட்டத்தட்ட 97 மைல் காட்டியது.

பந்தய நாளான மே 30 அன்று எவன்ஸ் யாரையும் முந்த முயலவில்லை. 200 சுற்று, 805 கி.மீ., ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தார். இண்டியானாபோலிஸ் வரலாற்றில் நிற்காமல் முழுப் பந்தயத்தையும் ஓடிய முதல் கார் அது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 139 கி.மீ.; கிடைத்த இடம் 13. வெற்றி பெற்ற லூயி ஷ்னைடரின் சராசரி 155 கி.மீ.க்குச் சற்று மேல். செலவான டீசல் சுமார் 117 லிட்டர், அன்றைய விலையில் ஒன்றரை டாலருக்கும் குறைவு. வேகத்தில் தோற்ற கார் சிக்கனத்தில் எல்லாரையும் வென்றது. லாரி முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதுதான் என்பதால், கம்மின்ஸுக்கு அந்தப் பதின்மூன்றாம் இடமே போதுமானதாக இருந்தது.

1934இல் கம்மின்ஸ் இரண்டு கார்களை அனுப்பியது. ஒன்றில் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், மற்றொன்றில் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்; இரண்டிலும் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சூப்பர்சார்ஜர். டேவ் எவன்ஸின் நான்கு ஸ்ட்ரோக் கார் கியர் பழுதால் பாதியில் நின்றது. ஸ்டப்பி ஸ்டபிள்ஃபீல்டின் இரண்டு ஸ்ட்ரோக் கார் 12ஆம் இடத்தில் முடித்தது. முடிவுப் பலகையில் முன்னே இருந்தது இரண்டு ஸ்ட்ரோக்தான். ஆனாலும் கம்மின்ஸ் அதன் பிறகு அந்தப் பாதையில் போகவில்லை, நான்கு ஸ்ட்ரோக்கையே பிடித்துக்கொண்டது. பந்தயத் தடத்தை விளம்பர மேடையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் சோதனைக்கூடமாகவும் அந்த நிறுவனம் பயன்படுத்தியது.

போருக்குப் பிறகு 1950இல் ஆறு சிலிண்டர் லாரி இன்ஜினோடு திரும்பி வந்தார்கள். ஜிம்மி ஜாக்சன் ஓட்டிய அந்தப் பச்சை நிறக் கார் 340 குதிரைத்திறன் கொண்டது. 52 சுற்றுகளில் நின்றுபோனது. அந்தத் தோல்வியிலிருந்து கிளம்பியதுதான் 1952இன் 28ஆம் எண் கார். டீசலின் பந்தய வரலாற்றில் முதல் பெரிய உச்சம் அது.

அன்றைய விதிப்படி சூப்பர்சார்ஜர் இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு 4.5 லிட்டர் வரம்பு, டீசலுக்கு 6.6 லிட்டர். கிளெஸ்ஸியின் தம்பி டான் கம்மின்ஸ் தலைமையில் பொறியாளர்கள் லாரி இன்ஜினை இலகு உலோகங்களில் வார்த்தார்கள். உயரமான அந்த இன்ஜினை நிமிர்த்தி வைத்தால் கார் காற்றில் முட்டிக்கொள்ளும் என்பதால், கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். காரின் அடிச்சட்டத்தைக் கட்டியவர் ஃபிராங்க் கர்டிஸ். இன்ஜின் படுத்ததால் சக்கரங்களுக்குப் போகும் சுழல்தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஓட்டுநர் அதன் மேல் உட்காராமல் அருகே தாழ உட்கார முடிந்தது. கார் தரையோடு ஒட்டியதுபோல ஆனது. பின்னாளில் இண்டியானாபோலிஸை ஆண்ட தாழ்ந்த வண்டிகளின் அமைப்புக்கு இது ஒரு முன்னோடி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இன்ஜினில் டர்போ இருந்தது. வெளியேறும் புகையின் விசையிலேயே சுழன்று காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் இந்தக் கருவியோடு இண்டியானாபோலிஸில் ஓடிய முதல் கார் இதுவே. முந்தைய சூப்பர்சார்ஜரைச் சுழற்ற இன்ஜினின் திறனில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருந்தது. டர்போவோ வீணாகப் போகும் ஆற்றலைப் பிடித்துக்கொண்டது. திறன் 400 குதிரைத்திறனை ஒட்டி எகிறியது.

ஓட்டுநர் ஃபிரெட் அகபாஷியன். தகுதிச் சுற்றில் நான்கு சுற்றுகளின் சராசரி மணிக்கு 138.010 மைல், அதாவது 222 கி.மீ. அது அப்போதைய புதிய சாதனை. சுமார் 1,400 கிலோ எடையை வளைவுகளில் தாங்கிய டயர்கள் அந்த நான்கு சுற்றுக்குள்ளேயே கிழியத் தொடங்கிவிட்டன. தேர்ந்த பெட்ரோல் பந்தயக் கார்களுக்கெல்லாம் முன்னால், தொடக்க வரிசையின் முதலிடத்தில் ஒரு டீசல் கார் நின்றது.

பந்தயத்தில் கதை மாறியது. கனமான கார் வேகம் பிடிக்கத் தாமதித்தது; இருந்தும் முன்னணிக் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நேரம் செல்லச் செல்லப் பின்னால் கரும்புகை அடர்ந்தது. 71ஆம் சுற்றோடு அகபாஷியன் தடத்தோரப் பணியிடமான பிட்டுக்குள் திரும்பினார். காரின் மூக்கில் தாழ வைக்கப்பட்டிருந்த டர்போவின் காற்று வாய், தடத்தில் கிடந்த டயர்த் துணுக்குகளையும் தூசியையும் உறிஞ்சி அடைத்துக்கொண்டிருந்தது. காற்று குறைந்தது, எரிபொருள் குறையவில்லை. மிச்சம் புகையாக வெளியேறியது. இறுதிப் பட்டியலில் 27ஆம் இடம். காற்று வாயைச் சற்று உயரத்தில் வைத்திருந்தாலோ, ஒரு நல்ல வடிகட்டியைப் பொருத்தியிருந்தாலோ அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்க வாய்ப்புண்டு. அதன் பிறகு இண்டியானாபோலிஸ் 500இல் எந்த டீசல் காரும் ஓடவில்லை. ஆனால் டர்போ போகவில்லை. லாரிகளில் அது வழக்கமாகியது. 1960களின் இரண்டாம் பாதியில் பெட்ரோல் கார்கள் வழியாக அதே தடத்துக்குத் திரும்பி வந்து வெற்றிகளைக் குவித்தது.

ஐரோப்பாவில் இந்தக் காலத்தில் நடந்தவை சிறு முயற்சிகள். 1949இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டெலெட்ரே சகோதரர்கள் தாங்களே உருவாக்கிய டீசல் காரை இறக்கினார்கள். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் டீசல் கார் அது. 1950இல் அவர்களோடு மற்றொரு பிரெஞ்சு டீசல் காரும் சேர்ந்தது. எதுவும் பந்தயத்தை முடிக்கவில்லை. பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் லெ மான் டீசலைப் பார்க்கவே இல்லை. 1970களில் மெர்சிடிஸ் பென்ஸ் தன்னுடைய சி111 சோதனைக் காரில் ஐந்து சிலிண்டர் டீசலுக்கு டர்போ பூட்டி, இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் 1976இலும் 1978இலும் சாதனை ஓட்டங்கள் நடத்தியது. மூன்று லிட்டர் டீசல் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் மணிக்கணக்கில் ஓட முடியும் என்பது அங்கே உறுதியானது. ஆனால் அது போட்டியல்ல; எதிரே யாரும் இல்லாத ஓட்டம்.

டீசலைப் பந்தயத்துக்கு மறுபடி தயார் செய்தது சாதாரணச் சாலைக் கார்களின் வளர்ச்சி. 1989இல் ஆடி நிறுவனம் டிடிஐ என்ற பெயரில் நேரடிப் பீய்ச்சலும் டர்போவும் கொண்ட பயணக் கார் இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் முறை வந்தது. ஒரே குழாயில் எரிபொருளை எப்போதும் மிகுந்த அழுத்தத்தில் தேக்கி வைத்து, கணினி சொல்லும் நொடியில் சொல்லும் அளவுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் பீய்ச்சும் முறை இது. அழுத்தம் கூடக் கூடத் துளிகள் நுண்ணியதாகின்றன. நுண்ணிய துளி வேகமாகக் கலந்து வேகமாக எரிகிறது. மெதுவாக எரிகிறது என்ற பழைய குறை பாதி தீர்ந்தது. 2000களின் நடுவில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ பாதி டீசல். வாங்குபவர் ஓட்டும் இன்ஜினைப் பந்தயத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசை நிறுவனங்களுக்கு வந்தது இயல்பே.

அதன் முதல் அடையாளம் 1998இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் தெரிந்தது. அங்கு நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை பி.எம்.டபிள்யூ 320டி கார் வென்றது. மார்க் டூயெஸ், ஆண்ட்ரியாஸ் போவென்சீபென், கிறிஸ்டியன் மென்செல், ஹான்ஸ் யோவாகிம் ஸ்டுக் ஆகிய நால்வர் ஓட்டினார்கள். 24 மணி நேரப் பந்தயம் ஒன்றில் டீசல் பெற்ற முதல் மொத்த வெற்றி அது. போட்டிக் கார்களைவிடக் குறைந்த தடவைகளே அது எரிபொருளுக்காக நின்றது. 1931இல் டேவ் எவன்ஸுக்கு 13ஆம் இடத்தை மட்டும் தந்த சிக்கனம், இந்த முறை முதலிடத்தையே தந்தது.

2005 டிசம்பரில் பாரிஸில் ஆடி தன்னுடைய ஆர்10 டிடிஐ காரைக் காட்டியபோது விஷயம் வேறு தளத்துக்குப் போனது. இதே நிறுவனத்தின் ஆர்8 பெட்ரோல் கார் லெ மானில் ஐந்து முறை வென்றிருந்தது. வென்றுகொண்டிருந்த இன்ஜினை விட்டுவிட்டு, லெ மானில் ஒரு தடவைகூட வென்றிராத இன்ஜின் வகைக்குத் தாவுவது துணிச்சல்தான். பந்தயப் பிரிவின் தலைவர் வுல்ஃப்காங் உல்ரிக்; இன்ஜினை உருவாக்கிய குழுவின் தலைவர் உல்ரிக் பாரெட்ஸ்கி.

அந்த இன்ஜினைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 12 சிலிண்டர், 90 பாகையில் பிரியும் வி வடிவம், 5.5 லிட்டர், இரண்டு டர்போ. பிளாக் அலுமினியம். திறன் 650 குதிரைத்திறனுக்கு மேல், முறுக்கு விசை 1,100 நியூட்டன் மீட்டருக்கு மேல். இவ்வளவும் கிடைத்தது நிமிடத்துக்கு 3,000 முதல் 5,000 சுற்றுக்குள். அந்த முறுக்கு விசை இருந்ததால் ஐந்து கியர் போதும் என்று விட்டுவிட்டார்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல். புகைக்குழாய் ஒவ்வொன்றிலும் கரித்துகள் வடிகட்டி இருந்ததால் பின்னால் கரும்புகை தெரியவில்லை. சத்தமும் மிகக் குறைவு: வெளிச்செல்லும் வாயுவின் ஆற்றலை டர்போக்களும் வடிகட்டிகளும் உறிஞ்சிவிட்டதால், ஓட்டுநர்களுக்கு இன்ஜினைவிடக் காற்றின் இரைச்சலே அதிகமாகக் கேட்டது. கியர் மாற்றும் நேரத்தைக் காதால் அறிய முடியாமல் கண்ணெதிரே எரியும் விளக்குகளைப் பார்த்து அறிய வேண்டியிருந்தது. நீளமும் கனமும் கொண்ட இன்ஜினுக்காகச் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை நீட்டினார்கள். முன் டயர்களை அகலப்படுத்தினார்கள்.

இந்த இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன. டர்போ அழுத்தம் 2.94 பாருக்கு மேல் போகக் கூடாது. காற்று நுழையும் இரண்டு துளைகளின் விட்டம் தலா 39.9 மில்லிமீட்டர். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும் அன்றைய விதிகள் டீசலுக்குத் தாராளமானவை. டர்போ பூட்டிய பெட்ரோல் இன்ஜினுக்கு 4 லிட்டர் வரம்பு இருந்தபோது டீசலுக்கு 5.5 லிட்டர் கிடைத்தது. எரிபொருள் தொட்டி இரண்டுக்கும் ஒரே அளவு, 90 லிட்டர். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் உண்டு. அதை எரிக்கும் முறையும் சிக்கனமானது. ஒரே தொட்டியில் அதிகச் சுற்று ஓடலாம் என்பது தொடங்கும் முன்பே உறுதியாகிவிட்டது. பெட்ரோல் அணிகள் முறையிட்டதில் நியாயம் இருந்தது. 2007இல் டீசல் தொட்டி 81 லிட்டராகக் குறைக்கப்பட்டதே அதற்குச் சான்று.

2006 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஆர்10 முதல் ஓட்டத்திலேயே வென்றது. கரடுமுரடான கான்கிரீட் பரப்புக்குப் பேர்போன தடம் அது. ஓட்டியவர்கள் டிண்டோ கபெல்லோ, டாம் கிறிஸ்டென்சன், ஆலன் மக்னிஷ். ஜூன் 17, 18 தேதிகளில் லெ மான். அங்கே அதே மூவரின் கார் எரிபொருள் பீய்ச்சும் கருவியின் கோளாறால் நேரத்தை இழந்து மூன்றாம் இடத்துக்குப் போனது. 8ஆம் எண் காரை ஃபிராங்க் பீலா, இமானுவேல் பிர்ரோ, மார்கோ வெர்னர் மூவரும் மாறி மாறி ஓட்டி 380 சுற்றுகளில் வென்றார்கள். இரண்டாம் இடத்தில் வந்த பெஸ்கரோலோ அணியின் பெட்ரோல் கார் நான்கு சுற்று பின்னே. சுற்று ஒன்று சுமார் 13.6 கி.மீ. லெ மானின் மொத்த வெற்றிப் பட்டியலில் முதன்முதலாக டீசல் ஏறியது.

பிரான்சின் சொந்தப் பந்தயத்தில் ஜெர்மன் டீசல் வென்றதைப் பெஜோ பார்த்துக்கொண்டிருக்கவில்லை. டீசலோடு லெ மானுக்கு வருவதாக 2005இலேயே அறிவித்திருந்த அந்த நிறுவனம் 2007இல் 908 என்ற மூடிய கூரைக் காரைக் கொண்டுவந்தது. இதிலும் 5.5 லிட்டர், 12 சிலிண்டர். ஆனால் வி கோணம் 100 பாகை, திறன் 700 குதிரைத்திறன் அளவில். அடுத்த ஐந்தாண்டுகள் லெ மான் வரலாற்றின் மிக உயிர்ப்பான காலங்களில் ஒன்று. ஒற்றைச் சுற்று வேகத்தில் பெஜோ முந்தியது, 24 மணி நேரத்தைத் தாங்குவதில் ஆடி முந்தியது. 2007இல் பெஜோ தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது. பந்தயத்தில் பீலா, பிர்ரோ, வெர்னர் மூவரின் ஆடி பத்து சுற்று வித்தியாசத்தில் வென்றது. 2008 தகுதிச் சுற்றில் பெஜோவின் ஸ்டெபான் சராசான் 3 நிமிடம் 18.5 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். ஆடி அந்த வேகத்தை நெருங்கவே இல்லை. ஆனால் இரவில் மழை வந்தது. ஈரத்தில் மக்னிஷ், கிறிஸ்டென்சன், கபெல்லோ மூவரும் ஓட்டிய பழைய ஆர்10 பெஜோவைப் பின்தள்ளி, அதே சுற்றில் நான்கரை நிமிட முன்னிலையில் முடித்தது. வேகம் குறைந்த காரை வைத்துக்கொண்டு பெற்ற அந்த வெற்றிதான் ஆர்10இன் மிகச் சிறந்த ஓட்டம்.

2009இல் பெஜோவின் முறை. டேவிட் பிராபம், மார்க் ஹெனே, அலெக்சாண்டர் வூர்ஸ் ஓட்டிய கார் 382 சுற்றுகளில் வென்றது. இரண்டாம் இடமும் பெஜோவுக்கே. ஆடியின் புதிய 10 சிலிண்டர் ஆர்15 மூன்றாம் இடத்தில் நின்றது. அந்த ஆண்டின் பட்டியலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு வரி உண்டு. பழைய ஆர்10 கார்களை வாங்கி ஓட்டிய கோலஸ் அணியில் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் இடம் பெற்றிருந்தார். தகுதிச் சுற்று முடிந்து பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகியதால் அவரால் ஓட்ட முடியவில்லை. அணித் தோழர்களான ஆந்த்ரே லோட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் இருவர் மட்டும் 24 மணி நேரத்தையும் பங்கிட்டு ஓட்டி ஏழாம் இடம் பிடித்தார்கள். மூவர் செய்ய வேண்டியதை இருவராகச் செய்த அந்த ஓட்டத்துக்கு அடுத்த ஆண்டே லோட்டரர் ஆடியின் நேரடி அணிக்குள் வந்துவிட்டார்.

2010ஐ பெஜோ மறக்க விரும்பும். நான்கு 908கள் ஓடின, நான்கும் நின்றன. ஒன்றில் தொடக்கத்திலேயே சஸ்பென்ஷன் பெயர்ந்தது. மற்ற மூன்றிலும் இன்ஜின். கனெக்டிங் ராடுகள் 24 மணி நேரம் தாங்கவில்லை. கடைசிக் கார் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் நெருப்போடு நின்றது. வேகம் குறைந்திருந்த ஆடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக முடித்தன. டிமோ பெர்ன்ஹார்ட், ரோமன் துமா, மைக் ராக்கன்ஃபெல்லர் ஓட்டிய கார் 397 சுற்று, 5,410.7 கி.மீ. ஓடியது. 1971இல் போர்ஷே 917 நிறுவி 39 ஆண்டு நிலைத்த தூரச் சாதனை அன்று முறிந்தது. அதிலும் ஒரு செய்தி இருக்கிறது: 1971இல் லெ மானின் ஆறு கி.மீ. நீள நேர்ச்சாலையில் வேகத்தடை வளைவுகள் கிடையாது, 2010இல் இரண்டு இருந்தன. அவ்வளவு இடையூறையும் தாண்டிச் சாதனையை முறித்தது டீசல்.

2011இல் விதி மீண்டும் காற்றைக் குறைத்தது. டீசலின் கொள்ளளவு 5.5இலிருந்து 3.7 லிட்டருக்கு இறங்கியது. பெஜோ எட்டு சிலிண்டருக்குப் போனது. ஆடியின் ஆர்18 ஆறு சிலிண்டரோடு வந்தது. 120 பாகை அகலமான வி வடிவத்தின் நடுவே, புகை வெளியேறும் பக்கத்தை உள்நோக்கித் திருப்பி ஒற்றை டர்போவை உட்கார வைத்திருந்தார்கள். புகை டர்போவைச் சேரும் தூரம் குறைந்ததால் அழுத்தம் விரைவாக ஏறியது, எடையும் குறைந்தது. பந்தயத்தின் முதல் மணி நேரத்திலேயே மக்னிஷின் ஆடி ஒரு ஃபெராரியோடு மோதித் தடுப்பு டயர்களில் சிதறியது. இரவில் ராக்கன்ஃபெல்லரின் காரும் அப்படியே நொறுங்கியது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். மிஞ்சிய ஒரே ஆடியை மார்செல் ஃபெஸ்லர், லோட்டரர், பெனுவா ட்ரெலுயே மூவரும் ஓட்டி, பெஜோக்களின் துரத்தலைத் தாங்கி 355 சுற்றுக்குப் பின் 13.854 விநாடி வித்தியாசத்தில் வென்றார்கள்.

அதுவே பெஜோவோடு நடந்த கடைசிப் போர். ஐரோப்பியப் பொருளாதார நெருக்கடியில் சிக்கிய நிறுவனம் 2012 ஜனவரியில் திட்டத்தை நிறுத்தியது. எதிராளி போன பிறகு ஆடி முன் அச்சில் மின் மோட்டாரைச் சேர்த்தது. 2012இல் வென்ற ஆர்18 இ-ட்ரான் லெ மானை வென்ற முதல் ஹைபிரிட் கார். பின் சக்கரங்களை அப்போதும் டீசல்தான் தள்ளியது. 2013இலும் வெற்றி. 2014இல் விதி அடியோடு மாறியது. காற்றுத் துளைக்குப் பதிலாக ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிபொருள் ஆற்றலைச் செலவிடலாம் என்று அளந்து கொடுத்தார்கள். டொயோட்டாவும் போர்ஷேவும் வேகத்தில் முந்தின. ஆடி கார்கள் இரண்டில் பந்தயத்தின் நடுவே டர்போ பழுதடைந்தது. சூடு குறையாத இன்ஜினிலிருந்து டர்போவைக் கழற்றி, புதியதைப் பூட்டி, சுமார் இருபது நிமிடங்களில் காரைத் தடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள் பணியாளர்கள். எதிரணிகளின் கார்களும் ஒவ்வொன்றாகத் தடுமாற, அந்த இரண்டு ஆடிகளும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. 1952இல் டர்போ அடைத்துக்கொண்டதும் கம்மின்ஸ் காரின் பந்தயம் முடிந்துபோனது; 2014இல் டர்போவே போன பிறகும் இரண்டு கார்கள் மீண்டு வந்தன. லெ மானில் டீசல் பெற்ற கடைசி வெற்றி அது.

இதே ஆண்டுகளில் சிறு இன்ஜின்களின் பந்தயத்திலும் டீசல் தலையெடுத்தது. உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் சியட் நிறுவனத்தின் இரண்டு லிட்டர் டீசல் லியோன் காரில் 2008இல் இவான் முல்லரும் 2009இல் கேப்ரியல் டார்க்வினியும் பட்டம் வென்றார்கள்.

2015இல் போர்ஷேயின் இரண்டு லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட் லெ மானை வென்றது. செப்டம்பரில், சாலையில் ஓடும் டீசல் கார்களின் மாசு அளவை மறைக்க ஃபோக்ஸ்வாகன் குழுமம் மென்பொருளைப் பயன்படுத்தியது அமெரிக்க அரசின் விசாரணையில் வெளிவந்தது. ஆடி அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. சிக்கனமும் தூய்மையும் ஒன்றாகச் சேர்ந்த இன்ஜின் என்று பத்தாண்டுகளாகப் பந்தயத் தடத்தில் சொல்லிவந்த பெயர் அதோடு போனது. தடத்தில் ஓடிய இன்ஜின்களின் வேலைத்திறனை யாரும் குறை சொல்ல முடியாது. அவற்றை உருவாக்கிய பணத்தைக் கொடுத்த காரணம்தான் சிதைந்தது. 2016 அக்டோபரில் ஆடி விலகலை அறிவித்தது. அந்த ஆண்டு லெ மானில் அது பெற்றது மூன்றாம் இடம். நவம்பர் 19 அன்று பஹ்ரைனில் ஓடிய கடைசிப் பந்தயத்தில் இரண்டு ஆர்18களும் முதல் இரண்டு இடங்களில் முடித்தன.

லெ மானில் 2006 முதல் 2014 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் வென்றது டீசல்: ஆடிக்கு எட்டு, பெஜோவுக்கு ஒன்று. விதிகளின் சலுகை முதல் சில ஆண்டுகளின் வெற்றிகளை எளிதாக்கியது உண்மை. கொள்ளளவையும் தொட்டியையும் வெட்டிய பிறகு வந்த 2011, 2014 வெற்றிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2017 முதல் அங்கே முதல் நிலைப் பிரிவில் எந்த டீசல் காரும் ஓடவில்லை. டாக்கர் பாலைவனப் பந்தயத்தின் கார் பிரிவில் 2009இல் முதல் வெற்றி பெற்ற டீசலின் கதை அடுத்த பகுதியில் வரும்.